கொலுசு ஜல் ஜல் என்று ஒலிக்காது

இணையத்தில் வரும் தமிழ்க் கதைகளில் கதாநாயகி மாடிப்படி இறங்கினால் கொலுசு ‘ஜல் ஜல்’ என்கிறது. மாட்டுவண்டி திரும்பினாலும் ‘ஜல் ஜல்’. கோயில் கொடை விழாவில் சாமியாடும் கோமரத்தாடி துள்ளி எழுந்தாலும் அதே ‘ஜல் ஜல்’தான். மூன்றும் ஒரே சத்தமா? நாகர்கோவிலில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு முத்தாரம்மனுக்கோ சுடலைமாடனுக்கோ கொடை நடந்துகொண்டிருக்கும் குமரி மாவட்டம் இது. ஒரே ராத்திரியில் வில்லுப்பாட்டின் வில்மணி, வீசுகோல், கைத்தாளம், கோமரத்தாடியின் கச்சைச் சலங்கை, வல்லயத்து (ஈட்டி) மணி எல்லாம் காதில் விழும். இவ்வளவையும் கேட்டு வளர்ந்தவர்கள்கூட எழுத உட்கார்ந்ததும் ‘ஜல் ஜல்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். மொழியில் சொல் இல்லை என்றால் மன்னிக்கலாம். சொல் கொட்டிக் கிடக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு செய்தி சொல்கிறது. அதைக் கவனிக்காததுதான் சிக்கல்.

கொலுசில் இருந்தே தொடங்கலாம். மெல்லிய வெள்ளிச் சங்கிலி, அதில் தொங்கும் முத்துகள், ஒரு கொக்கி அல்லது திருகு. அவ்வளவுதான் கொலுசு. முத்து என்பது மிளகளவு, மிஞ்சினால் பட்டாணியளவு. உள்ளே பரல் என்னும் சிறு உருண்டை போட்ட முத்தும் உண்டு, பரலே இல்லாமல் பக்கத்து முத்தோடும் சங்கிலியோடும் உரசி மட்டும் ஒலிப்பதும் உண்டு. வெள்ளி மெதுவான உலோகம். தகடும் மெல்லியது. எனவே சத்தம் மேலே எழும்பிய கையோடு அடங்கிவிடும். அதற்குத் தமிழில் ‘சிணுங்’, ‘கிலுங்’ என்று தோதான சொற்கள் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் ‘கிலுக்கம்’ என்பது சர்வசாதாரணம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் காதுக்கு அது அந்நியமே அல்ல. ‘ஜல்’ என்பது மாட்டின் கழுத்துப் பட்டையில் வரிசையாகக் கோத்த கெட்டியான வெண்கலச் சலங்கைக்கு உரியது. எலுமிச்சையளவு மணி பத்துப் பதினைந்து, ஒவ்வொன்றிலும் இரும்புப் பரல், காளை ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் எல்லாம் சேர்ந்து குலுங்கும். அந்தச் சத்தத்தைத் தூக்கி ஒரு பெண்ணின் கணுக்காலில் கட்டினால் அவள் படியிறங்க முடியாது.

ணகரமும் லகரமும்

இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையாது என்று தொல்காப்பியம் சொன்னதைப் பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ‘கலகல’வில் ஒரு ‘கல’வை எடுத்தால் பொருள் இல்லை. சரி. ஆனால் ‘கிண்’ணென்று ஒலித்தது, ‘ணங்’கென்று விழுந்தது, ‘டங்’கென்று மோதியது என்றெல்லாம் ஒற்றையாகவே சொல்கிறோமே? அது மட்டும் எப்படித் தனியாக நிற்கிறது?

உலோக ஒலிச் சொற்களை இரண்டு குவியலாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒரு குவியலில் ண, ங போன்ற மூக்கொலி: கிண், கண், கணீர், கணகண, கிணுகிணு, கிணிகிணி, டங், ணங். இன்னொன்றில் லகரம்: கலகல, கலீர், கிலுகிலு, சலசல, சல், ஜல். முதல் குவியல் முழுவதும் தனியொரு பொருள் அடிபட்டு அதிர்வதைச் சொல்கிறது. கோயில் மணி கணீரென்கிறது. விடாமல் அடித்தால் கணகண. கத்தோலிக்க ஆலயத்தில் பூசையின் நடுவில் பீடச்சிறுவன் கையிலிருக்கும் சின்ன மணி கிணிகிணி. பித்தளைச் சொம்பு சிமென்ட் தரையில் விழுந்தால் ணங். இரண்டாம் குவியல் எல்லாம் பல பொருள்கள் ஒன்றோடொன்று மோதுவது. சாவிக்கொத்து, சில்லறை, கை நிறைய வளையல், சலங்கைச் சரம் எல்லாம் இதில் வரும். ‘கணீர்’ என்பது ஒரு மணிக்கு ஓர் அடி. ‘கலீர்’ என்பது ஒரே உதறலில் பல மணி. தனி மணியை எப்படி அடித்தாலும் கலீர் வராது. சலங்கைச் சரத்தை எப்படி உதறினாலும் கணீர் வராது. ‘கலகல’ பிரிந்து இசைக்காததற்கு இலக்கண விதி இருக்கட்டும், பௌதிகக் காரணமும் இருக்கிறது. அந்தச் சத்தத்தை உண்டாக்கக் குறைந்தது இரண்டு பொருள் வேண்டும்.

இந்தப் பிரிவு உலோகத்தைத் தாண்டியும் நிற்கிறது. ஒருவர் பேசினால் கணீர்க் குரல். பலர் கூடினால் வீடு கலகலப்பு. உள்ளே பல விதை உருளுவதால் கிலுகிலுப்பை. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கிண்கிணி பெரும்பாலும் சரமாகத்தான் கட்டப்படுகிறது, பெயரில் மட்டும் ணகரம். ஆனால் அது ஒற்றை மணியின் பெயர், சரத்தின் பெயர் அல்ல என்று சமாதானம் சொல்லலாம். கொலுசின் ‘சிணுங்’கிலும் ணகரம் இருக்கிறது. ஒவ்வொரு முத்தின் அதிர்வும் தனித்துக் கேட்கும் அளவுக்கு முத்து குறைந்த கொலுசுக்குத்தான் அது பொருந்தும். முத்து நெருங்கினால் ‘கிலுகிலு’ ஆகிவிடும்.

அடுத்தது உயிரெழுத்து. கிண் என்றால் சின்னது, கண் என்றால் பெரியது. கிலுகிலு சின்னது, கலகல பெரியது. இகரம் சிறுமையையும் அகரம் பெருமையையும் தருவது தமிழுக்கு மட்டும் உரிய குணம் அல்ல. மொழியியலாளர் எட்வர்ட் சப்பீர் 1929-இல் பொருளற்ற போலிச் சொற்களை வைத்தே இதைச் சோதித்துக் காட்டினார். காரணம் வாய்க்குள் இருக்கிறது. இகரம் சொல்லும்போது நாக்கு மேலே முன்னால் போகிறது, வாயறை சுருங்குகிறது, இரண்டாவது ஒத்ததிர்வு 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடுகிறது. அகரத்துக்கு அது ஏறத்தாழ பாதிதான். மணியிலும் இதே கணக்கு. ஒரே வடிவத்தில், ஒரே உலோகத்தில், எல்லா அளவையும் பாதியாகச் சுருக்கினால் சுருதி இரண்டு மடங்காகிறது. சின்ன மணியின் ஒலி விழும் இடமும் இகரத்தின் ஒலி விழும் இடமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான இந்தப் பகுதியைத்தான். தவிலும் மேளமும் அதிரும் இடத்தில் கால்சலங்கை தனியாகக் கேட்பதற்கு இதுவே காரணம். வயதானால் காது முதலில் இழப்பது மேல்சுருதியை. புதுக் கொலுசை அசைத்துக் காட்டினால் ‘சத்தமே இல்லியே மக்கா’ என்று பாட்டி சொல்வது குறை சொல்வதற்காக அல்ல.

வில்லில் ஓர் அடி

இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வேலை செய்வதைக் கேட்க வேண்டுமானால் வில்லடிக்கும் இடத்துக்குப் போக வேண்டும். ‘வில்லுப்பாட்டு ஜல் ஜல் என்று தொடங்கியது’ என்று எழுதுகிறவர்கள் அந்த ஒரே ஒரு அடியைக் கூர்ந்து கேட்டதில்லை என்று அடித்துச் சொல்லலாம்.

நீண்ட வில், பனைவைரத்திலோ மூங்கிலிலோ செய்தது. மாட்டுத்தோல் முறுக்கிய நாண் மேல்பக்கம் இருக்க, வில்லின் முதுகு மண்குடத்தின் கழுத்தில் அமர்ந்திருக்கும். வில்கதிர் (வில்லின் தண்டு) நெடுக வெண்கல மணிகள் தொங்கும். பாட்டை நடத்தும் அண்ணாவியின் இரண்டு கையிலும் நாணில் அடிக்கும் வீசுகோல், அதில் கோத்த வெண்கலச் சலங்கை. பக்கத்தில் ஒருவர் கைத்தாளம், ஒருவர் உடுக்கை, ஒருவர் குடம். குடக்காரர் ஒரு கையால் பத்தியை (தட்டும் மட்டையை) வைத்துக் குடத்தின் வாயில் அறைவார், இன்னொரு கையில் இருக்கும் காசால் குடத்தின் உடம்பில் தட்டுவார்.

வீசுகோல் மேலே எழும்பித் திரும்பும் கணத்தில், நாணைத் தொடுவதற்கு முன்பே, கோலில் இருக்கும் சலங்கை ‘சல்’ என்று ஒலித்துவிடுகிறது. பிறகு கோல் நாணில் விழுந்து ‘தும்’ என்கிறது. நாணின் அதிர்வு வில்லுக்கு ஏறி, வில் நடுங்கி, அந்த நடுக்கம் மணிகளின் நாக்கைத் தள்ளிய பிறகுதான் மணி ஒலிக்கிறது. ஆகையால் மணி எப்போதும் ஒரு நூலிழை பிந்தித்தான் வரும்: ‘கிணுகிணு’. இதற்கிடையில் குடத்தில் காசு ‘டக்’. மண்ணில் உலோகம் பட்டால் நீட்சி கிடையாது, அதனால் ககர ஒற்றில் நின்றுவிடுகிறது. கைத்தாளம் மட்டும் ‘டிங்’ என்று எல்லாவற்றுக்கும் மேலே மிதக்கும். சல்–தும்–கிணுகிணு என்ற இந்த வரிசை எவ்வளவு வேகமாக அடித்தாலும் குலையாது. அண்ணாவி பாட்டை நிறுத்தி வசனத்துக்கு வரும்போது வீசுகோலை நாணின் மேல் படுக்க வைப்பார். நாண் அமர்ந்ததும் வில் அமரும், வில் அமர்ந்ததும் மணி அமரும். கூட்டத்தின் கவனம் பேச்சுக்குத் திரும்ப அதுவே போதும்.

இந்த வரிசை கெடுவதுதான் வில்லின் நோய். பங்குனி, சித்திரைக் கொடை என்றாலும் நள்ளிரவுக்கு மேல் ஈரக்காற்று இறங்கும். தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும். நாண் தளர்ந்தால் ‘தும்’ கேட்கும், ஆனால் வில் நடுங்காது, ‘கிணுகிணு’ காணாமல் போகும். முன்வரிசையில் இருப்பவருக்குப் பாட்டு என்னவோ களையிழந்துவிட்டதாகத் தோன்றும், ஏன் என்று சொல்லத் தெரியாது. நாணை இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும். மணியைக் கம்பியால் மரத்தோடு இறுக்கிக் கட்டுவது இன்னொரு தப்பு. காதுவளையம் தாராளமாக ஆட வேண்டும். இறுக்கினால் அதிர்வை மரமே தின்றுவிடும். ரொம்ப நீளமாகத் தொங்கவிட்டால் மணியின் விளிம்பு மரத்தில் மோதி ‘டக் டக்’ என்று குறுக்கே பேசும். நாக்கு மணியின் விளிம்புக்குச் சற்று மேலே, உலோகம் தடித்த இடத்தில் பட வேண்டும். அதற்கும் மேலே மெல்லிய சுவரில் பட்டால் சுருதி தெளியாது.

கைத்தாளத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு வட்டையும் நேருக்கு நேர் முழுமையாகச் சேர்த்தால் நடுவில் காற்று சிக்கி ‘சப்’பென்று போகும். ஒன்றைச் சற்று விலக்கி, விளிம்பு விளிம்பில் பட்டு உடனே பிரிய வேண்டும். பரதத்தை ஆட்டுவிப்பவர் தட்டும் நட்டுவாங்கத் தாளத்தில் ஒன்று வெண்கலம், மற்றது இரும்பு. அதனால்தான் அதன் ஒலி கைத்தாளத்தைவிடக் கூர்மை.

கட்டும் முன் கேட்க வேண்டியது

கோமரத்தாடி இடுப்பில் உடுக்கும் கச்சையிலும் சல்லடத்திலும் தொங்குவது, பரதம் ஆடுகிறவர் காலில் கட்டுவது எல்லாம் அடிப்படையில் ஒன்றுதான்: மூடிய வாய், அதில் ஒரு கீறல், உள்ளே பரல். குறுந்தொகை 148-ஆம் பாட்டு கிண்கிணியைத் ‘தவளை வாய’ என்கிறது. அந்தக் கீறலை ஒருமுறை பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கீறலின் இரு முனையிலும் உருண்டையாகத் துளை விட்டிருப்பது அழகுக்கு மட்டும் அல்ல. கூரான முனையாக விட்டால் நாள்பட அங்கேதான் விரிசல் தொடங்கும்.

சலங்கை வாங்குவது என்றால் கொத்தாகக் குலுக்கிப் பார்த்து ஏமாறக் கூடாது. கொத்தாகக் குலுக்கினால் எல்லாச் சலங்கையும் கலகலதான், நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று மறைத்துவிடும். ஒவ்வொன்றாக எடுத்து, நூலில் தொங்கவிட்டு, பென்சில் முனையால் மெதுவாகத் தட்ட வேண்டும். ‘கிண்’ என்று எழும்பி இழுபட்டு அடங்கினால் வெண்கலம் நல்லது. நல்ல மணிவெண்கலத்தில் செம்பு ஏறத்தாழ நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேலே, வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். வெள்ளீயம் கூடினால் ஒலி தெளியும், ஆனால் உலோகம் நொறுங்கும் தன்மைக்குப் போகும். காரீயம் கலந்தால் ஊற்றுவது சுலபம், ஒலி மழுங்கும், ‘கிண்’ என்பது ‘கட்’ ஆகிவிடும். ‘கிர்’ரென்று ஓர் உதறல் கேட்டால் விரிசல். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தூர வைத்துவிட வேண்டும். காந்தத்தைக் கொண்டு போனால் உள்ளே இருக்கும் இரும்புப் பரல் மட்டும் அசையும். ஓடே போய் ஒட்டிக்கொண்டால் அது முலாம் பூசிய இரும்பு.

கயிற்றில் கோக்கும்போது ஒவ்வொரு சலங்கைக்கும் நடுவில் ஒரு முடிச்சு வேண்டும். முடிச்சில்லாமல் நெருக்கினால் ஓடுகள் ஒன்றை ஒன்று அழுத்தி ஊமையாகும். இடம் அதிகம் விட்டால் கால் தரையைத் தொட்ட பிறகு சலங்கை தனியாக ஒருமுறை ஆடி, தாளத்துக்குப் பின்னால் ஒரு வால் போல ஒலிக்கும். தோல்பட்டையில் தைத்தது கட்டுவதற்கு வசதி, காலில் நழுவாது. ஆனால் மணியின் முதுகு தோலில் படிவதால் ஒலி கொஞ்சம் கம்மி. துலக்கம் வேண்டுமா, வசதி வேண்டுமா என்பதை ஆடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். அரங்கம் சின்னதாக இருந்தால் தோல்பட்டையே மேல்.

குமரி மாவட்டத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு: கடற்காற்று. குளச்சல், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று கரையோரம் இருக்கும் வீடுகளில் வெண்கலம் சீக்கிரம் களிம்பு பிடிக்கும், உள்ளே இரும்புப் பரல் துருப்பிடித்து ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். குலுக்கினால் ‘சளக்’ என்று கேட்டால் பரல் பாதி ஒட்டியிருக்கிறது. சத்தமே இல்லை என்றால் முழுதும் ஒட்டிவிட்டது. புளி போட்டுத் தேய்த்தால் வெளியே பளபளக்கும். ஆனால் புளித்தண்ணீரில் ஊறப்போடுவது தவறு. கீறல் வழியாக உள்ளே போன புளிப்பு பரலை அரித்துவிடும். துணியில் தொட்டு வெளிப்பக்கம் மட்டும் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வாய் கீழே இருக்கும்படி வெயிலில் தொங்கவிட்டு, நடுநடுவே குலுக்கிவிட வேண்டும். எண்ணெய் விடக் கூடாது. எண்ணெயில் தூசி சேர்ந்து பரலுக்கு மெத்தை போட்டுவிடும். ஆடி முடித்ததும் வியர்வையோடு பெட்டிக்குள் போடுவதும் இதே கணக்குதான்.

பரல் என்றதும் சிலப்பதிகார வழக்கைத் தவிர்க்க முடியாது. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்துத்தான் தீர்ப்பு வந்தது. உடைக்காமல் குலுக்கிப் பார்த்திருந்தால்? முத்து மெதுவானது, மாணிக்கம் வைரத்துக்கு அடுத்தபடி கடினமானது, எடையும் முத்தைவிடக் கூடுதல். கடினமான பரல் உலோகத்தைத் தொட்டு உடனே விலகும். தொடும் நேரம் குறையக் குறைய மேல்சுருதிகள் அதிகம் எழும்பும். மெதுவான பரல் சற்று அழுந்தித்தான் விலகும், ஒலி கம்மலாகும். ஆக, மாணிக்கச் சிலம்பு ‘கிலீர்’ என்றிருக்கும், முத்துச் சிலம்பு ‘கலகல’ என்று மங்கலாக இருந்திருக்கும். அவைக்களத்தில் காது கூர்ந்த ஒரு பொற்கொல்லர் போதும். இருந்தவர் கெட்டிக்காரர்தான், ஆனால் அவரே திருடர்.

சில்லறையின் சத்தமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய அலுமினிய ஐந்து, பத்துப் பைசாவுக்குக் கனமே கிடையாது, கொட்டினால் ‘சிலுசிலு’ என்று தகரம் போல உதிரும். செம்புநிக்கல் ஒரு ரூபாய் மேசையில் சுழன்று ‘கிணிங்’ என்று அடங்கும். இப்போதைய பத்து ரூபாய் நாணயம் வளையமும் நடுவட்டமுமாக இரண்டு உலோகத்தை அழுத்திப் பொருத்தியது. பொருத்திய இடம் அதிர்வைத் தடுப்பதால் ‘டக்’ என்று நின்றுவிடும். காணிக்கைப் பெட்டியில் விழும்போதே வித்தியாசம் தெரியும்.

இந்தச் சொல்வளம் சுருங்குவதில் செல்பேசிக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் குரல்செய்தி பேச்சுக்காகச் சுருக்கப்படுவது. மேல்சுருதியைக் கழித்துவிட்டுத்தான் அது சிறிதாகிறது. அதில் ‘கணீர்’ ஓரளவு பிழைக்கும், ‘கிணுகிணு’ தேயும், ‘கிலுகிலு’ அடியோடு கரைந்து ‘சளசள’ என்ற இரைச்சலாக மிஞ்சும். கொடையில் கட்டும் ஒலிபெருக்கியிலும் இதே கதை. வீசுகோலுக்கு அரை அடி தூரத்தில் மைக்கை நிறுத்தினால் சலங்கையின் ‘சல்’ மட்டும் பீறிட்டு, வில்மணி அதற்குள் புதைந்துவிடும்.

வில்லடியைப் பதிவு செய்ய நினைப்பவர்கள் மைக்கை அண்ணாவிக்கு முன்னால் வைக்காமல், வில்லின் ஒரு முனைக்கும் நடுக்குடத்துக்கும் இடையில், ஐந்தாறு அடி தள்ளி, இடுப்பு உயரத்தில் வைக்கலாம். பாட்டுக்குத் தனி மைக் இருந்தால் நல்லது. செல்பேசிதான் என்றால் குரல்செய்தியாகப் பிடிக்காமல் வீடியோவாக எடுத்து, அனுப்பும்போது ஆவணமாக இணைத்தால் கோப்பு சுருங்காது. ஒலி அளவு சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மணியின் முதல் தெறிப்பு நாம் நினைப்பதைவிடப் பலமானது. அது வெட்டுப்பட்டால் பிறகு எந்தச் செயலியாலும் ‘கிண்’ணைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.